ஹெர்னும் சோசெகியும்: ஒரு பதவி மாற்றம்

மெய்ஜி காலத்தில் (1868–1912) ஜப்பானிய அரசு மேலைக் கலைகளைத் தம் மக்கட்குக் கற்பிக்க அயல்நாட்டாரை ஊதியத்திற்கு அமர்த்திற்று. அவரைக் குறித்த சொல் ‘ஒயாதொய்’ என்பது. முன் நிற்கும் ‘ஒ’ மதிப்பைக் குறிப்பது. எஞ்சியது கூலிக்கு அமர்த்துதலைக் குறிப்பது. மதிப்பும் கூலியும் ஒரு சொல்லில் இணைந்தமை நோக்கத்தக்கது.

கிரேக்கத் தீவொன்றில் 1850-இல் பிறந்த லாப்காடியோ ஹெர்ன், 1890-இல் மாட்சுவே நகரப் பள்ளியில் திங்களுக்கு 100 யென் பெற்று ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கினார். மறு ஆண்டு குமமோட்டோவின் ஐந்தாம் உயர் நடுநிலைப் பள்ளி அவருக்கு 200 யென் தந்தது. 1896-இல் டோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய ஆசிரியரானார். அவ்வாண்டே ஜப்பானியக் குடிமகனாகி, மனைவியார் குடும்பப் பெயரேற்றுக் கொய்சுமி யாக்குமோ எனப்பட்டார். 1903-இல் பல்கலைக்கழகம் அவர் பணியை முன்போல் நீட்டிக்க உடன்படவில்லை. மாணவர் கிளர்ந்தனர். பின்னர்க் குறைந்த பாடவேளையும் குறைந்த ஊதியமும் தர முன்வந்தனர், ஹெர்ன் ஏற்கவில்லை.

இதனை நன்றி மறந்த செயல் என்பார் உளர். யாம் அங்ஙனம் கருதுகிலேம். அவ்விடத்தில் அமர்ந்தோருள் ஒருவர் நாட்சுமே சோசெகி. அவரை 1900-இல் ஆங்கிலம் பயிலுமாறு இலண்டனுக்கு அனுப்பியதும் அரசே. அயலாரை வருவித்தல், அவரிடம் பயின்றாரை மேனாட்டிற்கு அனுப்புதல், திரும்பியவரை அயலார் இடத்தில் அமர்த்துதல் என்பதே அக்காலக் கல்விக் கொள்கை. சோசெகி இதற்குமுன்பே 1895-இல் மாட்சுயாமாப் பள்ளியில் ஓர் அயலாசிரியர் இடத்தைப் பெற்றவர்; தலைமையாசிரியரினும் மிகுதியாக 80 யென் ஊதியம் பெற்றார். மறு ஆண்டு, ஹெர்ன் முன்னர்ப் பணியாற்றிய குமமோட்டோப் பள்ளிக்கே சென்றார். 1987-இல் தொடங்கிய ‘ஜெட்’ திட்டத்திலும் பள்ளிகட்குச் செல்லும் அயலார் துணையாசிரியரே, ஒப்பந்தம் ஓராண்டுக்குரியது, ஐந்தாண்டிற்கு மேல் நீள்வதில்லை.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அயலாரை நீக்கித் தம்மவரை அமர்த்துவது கொள்கையாயின், ஹெர்ன் சட்டப்படி ஏழாண்டுகளாகத் தம்மவரே அல்லரோ? கொள்கையைக் குறைகூற எமக்கு விருப்பமில்லை. அஃது அவர்பாற் செலுத்தப்பட்ட முறையே பொருந்தவில்லை. குடியுரிமை தந்தும் அவரை அயலாராகவே கொண்டனர் என்பது எம் துணிபு.

சோசெகிக்கும் அவ்விருக்கை இனிக்கவில்லை. ஹெர்னிடம் பழகிய மாணவர் அவர் முறையை விரும்பவில்லை. 1907-இல் பல்கலைக்கழகத்தைத் துறந்து ‘அசாகி’ நாளிதழில் சேர்ந்தார்.

ஹெர்ன் 1904-இல் மறைந்தார். வகுப்பில் மாணவர் முழுமையாக எழுதிக்கொள்ளுமாறு மெல்லப் பேசுதல் அவர் வழக்கம். மாணவர் எழுதிவைத்த அவ்வேடுகளைக் கொண்டே ஜான் எர்ஸ்கின் 1915-இல் அவர் சொற்பொழிவுகளை அமெரிக்காவில் இரு தொகுதிகளாகப் பதிப்பித்தார்.