பேரரசின் வீழ்ச்சியும் குடிப்பெயர்வும்: பூந்தமல்லி வட்டாரத்தில் தொல்மரபணுச் சான்றின் எல்லைகள்

முன்னுரை

பேரரசொன்று வீழ்ந்தபின் அந்நிலத்தில் குடியேறியோர் யாவர், முன்பிருந்தோருடன் அவர்கள் எவ்வாறு கலந்தனர் என்னும் வினாக்களுக்குத் தொல்மரபணுவியல் புதிய விடைகளைத் தந்து வருகிறது. அம்முறையைச் சென்னைக்கு மேற்கேயுள்ள பூந்தமல்லி வட்டாரத்தின் விஜயநகரப் பிற்கால வரலாற்றிற்குப் பொருத்துவதில் எழும் இடர்ப்பாடுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐரோப்பியச் சான்று

மேலை உரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பின், கி.பி. 568-இல் இலாங்கோபார்டுகள் இத்தாலிக்குள் நுழைந்தனர். அக்காலத்தைச் சேர்ந்த சோலாத் (அங்கேரி), கொலேஞோ (இத்தாலி) ஆகிய இடுகாடுகளில் கிடைத்த 63 பேரின் மரபணு ஆய்வு 2018-இல் வெளியானது. வட, நடு ஐரோப்பிய மரபினர் ஈமப்பொருள்களுடனும், தென் ஐரோப்பிய மரபினர் பெரும்பாலும் அவையின்றியும் புதைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. இடுகாடுகள் பெருங்குடும்பங்களை மையமாகக் கொண்டு அமைந்தமையும் புலனாயிற்று.

பூந்தமல்லியின் நிலை

1565-இல் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகர அரசின் தலைநகர் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் எனத் தெற்கு நோக்கி நகர்ந்தது. 1639-இல் பிரான்சிஸ் டேக்குச் சென்னை நிலத்தை வழங்கிய தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் வந்தவாசியிலும், அவர்தம் உடன்பிறந்தார் அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியிலும் இருந்தனர். 1640-களில் கோல்கொண்டாப் படை இப்பகுதியைக் கைப்பற்றியது. எனினும், 14-ஆம் நூற்றாண்டிலேயே குமார கம்பணர் தொண்டைமண்டலத்தை வென்றதால், இங்குள்ள தெலுங்குக் குடிகள் அனைவரும் 1565-க்குப் பின் வந்தோர் எனக் கொள்வதற்கில்லை.

மூன்று தடைகள்

முதலாவது, வெப்பநிலை. இராக்கிகடியில் ஆராயப்பட்ட 61 எலும்பு மாதிரிகளுள் ஒன்றிலிருந்தே 2019-இல் வெளியான ஆய்விற்குப் பயன்படும் மரபணுத் தரவு கிடைத்தது.

இரண்டாவது, ஈமமுறை. எரியூட்டும் வழக்கமுடையோர் ஆய்வுக்குரிய எலும்பை அரிதாகவே விட்டுச் செல்வர். எனவே புதைக்கும் வழக்கமுடைய கோல்கொண்டா முஸ்லிம் படையினர் தரவில் மிகுந்தும், நாயக்கர் தலைவர்கள் குறைந்தும் தோன்றக்கூடும். அத்தரவைக் கொண்டு குடியேற்றத்தின் அளவைக் கணிப்பது பிழையாகும்.

மூன்றாவது, மரபின் அணுக்கம். தெலுங்கரும் தமிழரும் ஒரே மூதாதையர் கலப்பிலிருந்து உருவானோர். ஐரோப்பாவில் கண்டது போன்ற தெளிவான வேறுபாட்டை இங்கு எதிர்பார்க்க இயலாது. நெருங்கிய உறவினரின் பொது மரபணுப் பகுதிகளை ஒப்பிடுவதே ஓரளவு பயன்தரும்.

முடிவுரை

‘மண்ணின் மைந்தர்’, ‘வந்தேறிகள்’ என்னும் பகுப்பிற்கு அறிவியல் முத்திரை தேடும் போக்கு வலுத்துவரும் சூழலில் இவ்வெல்லைகளை உணர்தல் இன்றியமையாதது. மரபணு உயிரியல் உறவைக் காட்டும்; ஒருவர் பேசிய மொழியையோ சார்ந்திருந்த தலைவனையோ காட்டாது. செங்கற்பட்டு ஜாகீர்ப் பகுதியில் 1767 முதல் 1774 வரை பர்னார்டு நடத்திய அளவாய்வு, ஊர்தோறும் வீடுகளையும் குடிகளையும் பதிவு செய்தது. இத்தகைய ஆவணங்களையும் கல்வெட்டுகளையும் கொண்டு, யார் எங்கே எம்முறையில் அடக்கம் பெற்றனர் என்பதை முதலில் வகுத்தறிதல் வேண்டும். அதன் பின்னரே எலும்பிலிருந்து பெறும் சான்று வரலாற்றுச் சான்றாகும்.