பொதிவும் பொருளும்: வட்டுப் படிமங்களின் ஒரு சிறு வரலாறு

குறுந்தகட்டின் கோப்பமைப்பை வரையறுத்த ஐ.எஸ்.ஓ. 9660 தரம் 1988இல் வெளிவந்தது. அதன்படி, தலா 2,048 பைட் கொண்ட முதல் 16 செக்டர்கள் ஒதுக்கப்பட்டவை. 17ஆவது செக்டரில் ‘சிடி001’ என்னும் அடையாளம் இருத்தல் வேண்டும். கணினி தகட்டை இனங்காண்பது அவ்விடத்தில்தான்.

இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பின்னர் வந்த 56 கிலோபிட் தொலைபேசி இணைப்பு முழு வேகத்தில் இயங்கினும், 650 மெகாபைட் வட்டுப் படிமத்தை இறக்க ஒரு நாளுக்கு மேலாகும். இத்தகைய நெருக்கடியில் படிமத்தைச் சுருக்கி அனுப்புவது இயல்பாயிற்று. ஆயினும் சுருக்கம் பயணத்துக்கான பொதிவு மட்டுமே. விரிக்காமல் அப்படியே படிமமாக எழுதினால் உரிய செக்டரில் அந்த அடையாளம் இராது; ஒருமுறை மட்டுமே எழுதத்தக்க தகடு வீணாகும்.

2000இல் ஜெர்மனியில் தோன்றிய நாப்பிக்ஸ் லினக்ஸ், சுருக்கத்தைப் படிமத்தின் உள்ளேயே அமைத்தது. 700 மெகாபைட் தகட்டில் ஏறத்தாழ 2 ஜிகாபைட் மென்பொருள் அடங்கிற்று. தகட்டின் அடையாளம் உரிய இடத்தில் நின்றது. விரிக்கும் நிரலும் அதே தகட்டில் உடனிருந்தது.

எண்ணிம ஆவணங்களைக் காப்போர் இன்றும் கேட்கவேண்டிய வினா இதுவே: பொதிவை அவிழ்க்கும் வழியும் பொருளோடு சேமிக்கப்படுகிறதா?