ராஜபிளவையும் நச்சு மருத்துவத்தின் எல்லையும்

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியின் தலவரலாற்றில் ஒரு நோய்க்குத் தனி இடம் உண்டு. அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயரை ராஜபிளவை வாட்டியது. வீரமாமுனிவர் அடைக்கல அன்னையை வேண்டிக் குணப்படுத்தினார். நன்றிக்கடனாக மழவராயர் கோயிலுக்கு நிலம் அளித்தார் என்பது மரபு. அந்த நம்பிக்கையை ஆராய்வது என் நோக்கமன்று. என் கேள்வி நோயைப் பற்றியது. பாக்டீரியாவின் நச்சையே மருந்தாக்கும் கலை நூறாண்டுக்கு மேல் வளர்ந்த பின்னும், ராஜபிளவைக்கு ஏன் அப்படியொரு மருந்து கிடைக்கவில்லை?

நச்சைக் கொண்டு அதன் நோயையே வெல்வது, அந்நோய் பெரும்பாலும் ஒரே நச்சை நம்பி நிற்கும்போதுதான் எளிதாகிறது என்பது என் வாதம். தொண்டை அடைப்பானும் ரணஜன்னியும் அத்தகையவை. 1890இல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் நச்சு செலுத்திய விலங்கின் குருதிநீரில் நச்சுமுறியைக் கண்டனர். 1920களில் ரமோன் ஃபார்மலின் சேர்த்து நச்சின் கொல்லும் ஆற்றலை மட்டும் போக்கினார். உடல் அதை அடையாளம் காணும் உருவம் எஞ்சியது. நம் குழந்தைகளுக்கு இன்று போடும் முத்தடுப்பூசியில் இவ்விரு நோய்களுக்கும் எதிரான பகுதியின் அடிப்படை, கொல்லும் ஆற்றல் போன அந்த நச்சு, அதாவது டாக்சாய்டுதான்.

ராஜபிளவை வேறு வகை. பிடரியிலோ முதுகிலோ பல மயிர்க்கால்கள் ஒன்றாகச் சீழ்பிடித்து, பல கண் வைத்து உடையும் இக்கட்டிக்குப் பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமியே காரணம். அதன் ஆல்ஃபா நச்சில் ஏழு மூலக்கூறுகள் கூடி, உயிரணுவின் சவ்வில் ஒரு துளையை அமைக்கின்றன. 1932இல் பாண்டனும் வாலன்டைனும் விவரித்த மற்றொரு நச்சு, கிருமியை விழுங்க வரும் வெள்ளணுக்களையே கொல்கிறது. இவை தவிர இன்னும் பல. ஒன்றை முடக்கினால் மற்றொன்று அந்த வேலையைச் செய்கிறது.

ஸ்டெஃபிலோகாக்கஸ் நச்சின் ஆராய்ச்சிக்கு உந்துதல் தந்தது ஒரு துயரம். 1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பண்டபர்க் ஊரில் தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்து ஏற்றப்பட்ட 21 குழந்தைகளில் 12 பேர் இறந்தனர். கிருமித்தடுப்புப் பொருள் சேர்க்காத அந்தப் புட்டியில் ஸ்டெஃபிலோகாக்கஸ் பெருகியிருந்தது. விசாரணையில் பங்கேற்ற மெக்ஃபார்லேன் பர்னெட் அதன் நச்சை ஆராயத் தொடங்கினார். 1930களில் அந்நச்சின் டாக்சாய்டைத் திரும்பத் திரும்பக் கட்டி வருபவர்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். நிலைத்த சிகிச்சையாக அது வளரவில்லை. நம் காலத்தில், செயற்கைச் சுவாசத்தில் இருப்போருக்கு நிமோனியா வராமல் காக்க, ஆல்ஃபா நச்சைக் கட்டிப்போடும் சுவ்ராடாக்சுமாப் சோதிக்கப்பட்டது. 2021இல் வெளியான முடிவில் உறுதியான பலன் தெரியவில்லை.

இதற்கு மறுப்பாகக் காலராவைக் காட்டலாம். 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, கிருமி நீக்கிய வடிநீரே முயலின் குடலில் நீர் கோக்கச் செய்வதை மெய்ப்பித்தார். ஒரே நச்சு, ஒரே நோய். ஆனால் ஐதராபாத்தில் உருவான வாய்வழித் தடுப்பு மருந்தில் அந்த நச்சின் கூறு எதுவும் சேர்க்கப்படவில்லை. கொல்லப்பட்ட கிருமிகளே போதுமாயின. ஆகவே ஒற்றை நச்சு என்பது நல்ல வாய்ப்பே தவிர உறுதிமொழி அன்று. காலராவில் உயிர் காத்தது உப்பு சர்க்கரைக் கரைசல். குளுக்கோசோடு சோடியத்தை உள்ளிழுக்கும் குடலின் வழியை நச்சு அடைப்பதில்லை. கரைசல் அவ்வழியே நீரை உள்ளே கொண்டு செல்கிறது. 1971இல் வங்க அகதிகளிடையே திலீப் மகலனாபிஸ் இதைப் பெருமளவில் நிலைநாட்டினார். நச்சு எதைத் தொடவில்லை என்று அறிவதும் மருத்துவமே. 

நச்சின் குறிதவறாமை பெரும்பாலும் வேறு நோய்க்கே பயன்பட்டிருக்கிறது. கெட்ட உணவில் ஆளைக் கொல்லும் பொட்டுலினம் நச்சு, 1989 முதல் மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட மருந்து. தொண்டை அடைப்பான் நச்சின் ஒரு பகுதி, 1999இல் தோலில் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுக்கு மருந்தானது. கட்டிக் கிருமியின் ஆல்ஃபா நச்சும் 1996இல் புதிய பயன் பெற்றது: அதன் துளை வழியே டி.என்.ஏ. இழையைச் செலுத்தினர், மரபணுவை வாசிக்கும் ஒரு புதிய முறைக்கு அது வித்திட்டது.

அப்படியானால் அரியலூரின் சர்க்கரை நோயாளிக்கு முதுகில் கட்டி வந்தால் என்ன செய்வது? சீழை வெளியேற்றுவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் அடிப்படை. சர்க்கரை மிகுந்த உடலில் வெள்ளணுக்கள் சரிவரப் போரிடுவதில்லை. இவற்றோடு நச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிளிண்டாமைசின், லினசோலிட் ஆகியவை கிருமியின் புரத உற்பத்தியைத் தடுப்பதால் நச்சுச் சுரப்பும் குறைகிறது. பெனிசிலின் வகை மருந்துகள் கிருமியைக் கொல்லும் அளவை விடக் குறைந்தால், சில வகைக் கிருமிகளில் நச்சுச் சுரப்பு கூடவும் செய்யும். எந்தக் கட்டியில் எந்த நச்சு முன்னிற்கிறது என்று தெரிந்தால்தான் இந்த அறிவு படுக்கையருகே உதவும். 2022இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, சுற்று ஊர்களிலிருந்து வரும் ராஜபிளவைச் சீழை வளர்த்து, கிளிண்டாமைசினுக்கு மறைந்திருக்கும் எதிர்ப்பை டி-சோதனையால் கண்டறிந்து, பாண்டன்–வாலன்டைன் நச்சின் மரபணுவையும் பி.சி.ஆர். முறையில் தேடிப் பதிவுசெய்ய வேண்டும் என்பது என் முன்மொழிவு.