வளர்ச்சிக் காரணியும் பதினான்கு நாட் கணக்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வளரும் ஒரு பிள்ளைக்குக் காலில் நோவும் வீக்கமும் கண்டால், பந்தடியில் பட்ட அடி என்றே வீட்டார் முதலில் எண்ணுவர். எண்ணெய் பூசுவர், முறிவு வைத்தியரிடம் கட்டுப் போடுவர். பெரும்பாலும் அவ்வெண்ணம் சரியானதே. மிக அரிதாக, நோவு வாரக்கணக்கில் நீடித்து இரவில் உறக்கத்தையும் கெடுக்குமாயின், அது யூவிங் சார்கோமா எனும் புற்றுநோயாகவும் இருக்கலாம். பிள்ளைகள் விரைந்து உயரம் பெறும் பருவத்தில், எலும்பிலோ எலும்பை அடுத்த மென்சதையிலோ தோன்றும் நோய் அது.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் 'புற்றுநோய்க்குப் புதிய மருந்து' என்ற தலைப்பில் வந்த செய்திகளை எத்தனை முறை செம்மைப்படுத்தி அச்சுக்கு அனுப்பினேன் என்பதற்குக் கணக்கில்லை. அம்மருந்துகள் பின்னர் என்னவாயின என்று எழுதும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. இந்த நோய் தொடர்பாக அந்தப் பின்கதையைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். கலம், நிறமூர்த்தம், வாங்கி என இலங்கைப் பாடநூல்களின் சொற்களிலேயே எழுதுகிறேன். தமிழகத்து வாசகர்கள் செல், குரோமோசோம், ஏற்பி எனப் படித்துக்கொள்க. 1936 இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் எங்கள் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அந்த உரிமையில் இச்சொற்களை விட்டுவிட மனமில்லை.

நியூயோர்க் நகரின் நோயியலாளர் ஜேம்ஸ் யூவிங் 1921 இல் இந்நோயைத் தனியாக இனங்கண்டு எழுதினார். 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் முன்கை எலும்பில் இருந்த கட்டி, ஏனைய எலும்புப் புற்றுநோய்களைப் போலன்றிக் கதிர்வீச்சுக்குக் கரைந்தது அவரைச் சிந்திக்க வைத்தது. காரணம் புலப்பட அறுபது ஆண்டுகள் சென்றன. 1983 இல் பிரான்சின் இரு ஆய்வுக் குழுக்கள், கட்டியின் கலங்களில் 11 ஆம், 22 ஆம் நிறமூர்த்தங்கள் முறிந்து துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டன. இதனை இடப்பெயர்வு என்பர். எம்மவர்க்கு வேறு பொருளில் நன்கு பழகிப்போன சொல். 1992 இல் பரிசின் கியூரி நிறுவனத்தில் ஒலிவியே டெலாத்ரும் சகாக்களும், அம்முறிவில் இரண்டு பரம்பரையலகுகள் ஒட்டி ஈ.டபிள்யூ.எஸ்-ஃபிளை1 என்ற கலப்புப் புரதம் உருவாவதைக் காட்டினர். நோயாளிகளுள் ஏறத்தாழ 85 சதவீதத்தினரிடம் இருப்பது இதுவே.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இம்முறிவு பிள்ளையின் உடலில் ஏதோ ஒரு கலத்தில் நேர்வது. பெற்றோரிடமிருந்து வழிவழி வருவதன்று. தாய் உண்டதும் காரணமன்று, செய்வினையும் காரணமன்று.

இனி வளர்ச்சிக் காரணியின் கதை. வளர்ச்சி ஓமோனின் தூண்டலால் பெரும்பாலும் ஈரலில் சுரந்து குருதியில் கலப்பது, இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி 1. பருவ வயதில் அதன் அளவு உச்சம் பெறும். கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கியில் அது பொருந்தியதும், 'பெருகு, மடியாதே' என்ற சமிக்ஞை உள்ளே செல்லும். 1997 இல் ஜெஃப்ரி டொரெட்ஸ்கி குழுவினர், அந்த வாங்கி இல்லாத சுண்டெலிக் கலங்களில் கலப்புப் புரதத்தைப் புகுத்தினர். அக்கலங்கள் புற்றுக் கலங்களாக மாறவில்லை. 2004 இல் மற்றொரு குழு, வளர்ச்சிக் காரணிக்குக் கடிவாளம் இடும் புரதம் ஒன்றைக் கலப்புப் புரதம் அடக்கிவிடுவதை வெளியிட்டது. வாங்கியை அடைத்தால் நோய் அடங்கும் என்ற நம்பிக்கை பிறந்தது.

பெரிய மருந்து நிறுவனங்கள் களமிறங்கின. நோய் மீண்ட 115 பேருக்கு ஆர்1507 என்ற எதிருடல் கொடுக்கப்பட்டது. கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியவர்கள் பத்தில் ஒருவரே. ஃபிகிட்டுமுமாப் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கு உதவியது. சிலருக்குக் கட்டி வியக்கத்தக்க வகையில் கரைந்து, சில மாதங்களில் மீண்டும் எழுந்தது. நிறுவனங்கள் விலகிக்கொண்டன. 2014 இல் அமெரிக்கச் சிறுவர் புற்றுநோய்க் குழுமம் கனிட்டுமாப் மருந்தை, நோய் பரவிய நிலையில் வந்தவர்களின் வழமையான சிகிச்சையோடு சேர்த்துச் சோதித்தது. 2019 இல் சேர்க்கை நிறுத்தப்பட்டது. பயன் இல்லை, பக்கவிளைவே மிகுந்தது.

ஏன்? இடப்பெயர்வால் வரும் இன்னொரு சிறுவர் நோயோடு ஒப்பிட்டால் விளங்கும். பிலடெல்பியா நிறமூர்த்தம் உடைய குருதிப் புற்றுநோயில், ஒட்டிப் பிறந்த புரதமே ஓயாது சமிக்ஞை அனுப்பும் நொதியமாகும். இமாட்டினிப் மாத்திரை அதனையே அடைக்கிறது. சிகிச்சையோடு அதனைச் சேர்த்தபோது, மூன்றாண்டுகள் நோய் மீளாதிருந்த பிள்ளைகள் 35 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாயினர் என 2009 இல் அறிக்கை வந்தது. யூவிங் நோயிலோ வாங்கி பழுதற்றது; எல்லாப் பிள்ளைகளும் வளர்வதற்குத் தேவையான அதே வாங்கி. பழுது உட்கருவில் அமர்ந்து நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளை ஆட்டுவிக்கிறது. வாசலை அடைத்ததும் கலங்கள் இன்சுலின் வாங்கி போன்ற வேறு வாசல்களைத் தேடிக்கொண்டன.

வெற்றி வேறு திசையில் வந்தது. வின்கிறிஸ்டின், டொக்சோரூபிசின், சைக்ளோபொஸ்பமைட் முதலிய பழைய மருந்துகளையே மூன்று வாரத்திற்கு ஒருமுறை கொடுக்காமல் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கொடுத்தபோது, நோய் பரவாதவர்களில் ஐந்தாண்டுகள் அது மீளாதிருந்தோர் 65 இலிருந்து 73 சதவீதமாக உயர்ந்தனர். 2012 இல் வெளிவந்த முடிவு இது. இத்தனை விரைவாக மருந்தேற்ற இயன்றது எதனால்? வெண்குருதிக் கலங்களை மீள வளர்க்கும் ஃபில்கிராஸ்டிம் என்ற வளர்ச்சிக் காரணியை ஊசியாகக் கொடுத்ததனால். ஒரு வளர்ச்சிக் காரணியைத் தடுத்துக் கிடைக்காத நன்மை, இன்னொன்றைக் கொடுத்துக் கிடைத்தது. இச்செய்தி எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் தலைப்பாக வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் 14 நாள் என்பது மருந்துக் கணக்கு மட்டுமன்று, பயணக் கணக்குமாகும். மட்டக்களப்பிலிருந்து மகரகம தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. ஆயினும் இத்தகைய அரிய சிறுவர் நோய்களுக்கு மகரகமவின் வாசலையே நாட நேர்கிறது. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தாய் ஒருத்தி அவ்வழியே நகருக்கு வருவதற்கே பாதை ஏறி வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. இப்போது பேருந்து பாலத்தின் மேல் செல்கிறது. நாட்கூலியை இழந்து, மற்றப் பிள்ளைகளை அயலாரிடம் விட்டு, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, பதினான்கு சுற்றுகளுக்கு அவள் அப்பேருந்தில் ஏற வேண்டும்.