ஒரு பிடி அரிசி



அமராவதித் தண்ணீரில் நெல் விளையும் நம் கொமரலிங்கத்துக்காரர்களுக்கு அரிசியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. உலையில் போடும் முன் ஒரு பிடியைத் தருமத்துக்கு எடுத்து வைக்கும்படி காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டமும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இதே பிடி அரிசி கிறிஸ்தவ சபைகளையும் தாங்கியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் சபைகள் பெருகின. பணம் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. டோனாவூர் என்ற பெயரே அதற்குச் சாட்சி. ரேனியஸ் ஐயர் காலத்தில் பிரஷ்ய நாட்டு டோனா பிரபு அனுப்பிய நன்கொடையால் வந்த பெயர் அது. கொடுத்தவர் பெயரே ஊருக்கு நின்றுவிட்டது.

1841 முதல் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளராக இலண்டனில் இருந்த ஹென்றி வென் இதிலுள்ள ஆபத்தைக் கண்டார். போதகரின் சம்பளம் வெளியிலிருந்து வரும்வரை சபையும் வெளியாருடையதாகவே இருக்கும். ஆகவே ஒரு சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்பது அவர் கொள்கை.

அதை நம் மண்ணில் செய்து காட்டியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கமும், 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் தொடங்க முன்னின்றார். ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு 1905 டிசம்பர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வரும். அதே மாதம் 9-ஆம் தேதி பிரான்சு அரசு மதத்தையும் அரசையும் பிரித்துச் சட்டம் போட்டது. நெப்போலியன் காலத்திலிருந்து அரசுச் சம்பளம் வாங்கிய பாதிரியார்கள், அதன்பின் விசுவாசிகள் கொடுக்கும் காசை நம்பி வாழ வேண்டியதாயிற்று. அங்கே சட்டம் கொண்டுவந்த நிலையை இங்கே இவர்கள் தாங்களாகவே விரும்பி ஏற்றார்கள்.

1912-ல் அசரியா தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியரான முதல் பேராயர் அவரே. அவருடைய சபையாரில் பெரும்பாலோர் தெலுங்கு நாட்டு ஏழை விவசாயக் கூலிகள். இல்லாதவனிடம் காணிக்கை கேட்கலாமா? இந்தக் கேள்வி எனக்கும் உண்டு. கேட்காமல் விட்டால் அவனை என்றைக்கும் வாங்குகிறவனாகவே வைத்திருப்போம் என்பது அசரியாவின் எண்ணம். கொடுப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதி என்று கற்பித்தார். காணிக்கையைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். காசில்லாத வீட்டுப் பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் இதோடு அறுப்பின் பண்டிகையும் உண்டு. முதல் விளைச்சலான பூசணியும் வாழைத்தாரும், சில சமயம் சேவலும் படைத்து ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவரே பொருளைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் நடக்கும். கலகலப்புக்குக் குறைவிருக்காது.

வந்த காணிக்கையை ஒருவரே எண்ணாமல், இரண்டு மூன்று பேர் சேர்ந்து எண்ணிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவது நல்ல சபைகளின் வழக்கம். ஆண்டுக் கணக்கும் சபையாரின் பார்வைக்கு வைக்கப்படும். ஆயுள் முழுக்க ரசீதும் வவுச்சருமாக இருந்த இந்தக் குமாஸ்தாவுக்கு அது பெரிய விஷயம். கணக்குச் சுத்தமாக இருந்தால்தான் அடுத்த ஞாயிறு கை தாராளமாக நீளும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கும் பழக்கம், கோயிலானாலும் சர்ச்சானாலும், எனக்குப் பிடிப்பதில்லை. நூறு ரூபாய் கொடுத்தவர் தலை குனிகிறார். பிடி அரிசியில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் ஒரே சாக்கில் கொட்டியபின் யார் வீட்டு அரிசி எது என்று எவரால் சொல்ல முடியும்?