பல் அடைப்பு, முதல்

சொத்தைப் பல்லின் சிதைந்த பகுதியை முதன்முறையாக அகற்றி, குழியை நிரப்பும் மருத்துவம். எனாமலில் வெண்புள்ளியாக மட்டும் தெரியும் சொத்தைக்கு இது தேவையில்லை. ஃபுளூரைடு பூச்சு, முறையான துலக்கல், இனிப்புக் குறைப்பு ஆகியவற்றால் அது தணியும். மேற்பரப்பு உடைந்து குழி விழுந்தாலோ, எக்ஸ்ரேயில் சிதைவு எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினுக்குள் ஆழ இறங்கியிருந்தாலோ அடைப்பர். ஐயமிருப்பின் சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை. துளைத்த பல்லுக்கு அடைப்பைப் பின்னாளில் மாற்ற நேர்வதும், ஒவ்வொரு முறையும் பல் மேலும் குறைவதும் இதற்குக் காரணம்.

பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் 1908இல் வெளியிட்ட நூல், முன்தடுப்பாக நலமான பகுதியையும் சேர்த்து வெட்டச் சொன்னது; அந்நெறி இன்று கைவிடப்பட்டுள்ளது.