பாணனின் பொய் யாருடையது?

நற்றிணையின் 200ஆம் பாடலில் ஒரு குயவன் அகன்ற தெருவழியே ஊர் விழாவை அறிவித்துக்கொண்டு செல்கிறான். அவனை நிறுத்தும் தோழி, இன்னொரு செய்தியையும் சேர்த்து அறிவிக்குமாறு வேண்டுகிறாள். யாழ் நரம்பில் கைதேர்ந்த பாணன் ஒருவன் இவ்வூரில் திரிகிறான். அவன் சொல்லுக்குள் பொய் பொதிந்திருக்கிறது. பெண்களே, எச்சரிக்கையாக இருங்கள் என்பதே அச்செய்தி. கூடலூர்ப் பல்கண்ணனார் பாடிய இப்பாடலில் பாணன்மீதான குற்றச்சாட்டு மனையின் நான்கு சுவர்களைத் தாண்டி ஊரறிவிப்பாகவே மாறிவிடுகிறது.

இந்தப் பாணன் யார்? மருதநிலத் தலைவனின் உடனுறை துணைவன். அவன் அவையில் பாடுபவன், பரத்தையர் சேரிக்குச் செல்லும்போது கூடச் செல்பவன், திரும்பி வரும்போது மனைவியின் சினம் தணிக்க முன்னதாக அனுப்பப்படுபவன். ஊடலைத் தீர்க்கும் இப்பணியாளரைத் தொல்காப்பியம் 'வாயில்கள்' என்கிறது. தோழி தொடங்கிக் கண்டோர் ஈறாகப் பன்னிருவரைக் கற்பியல் எண்ணுகிறது. பாணனும் பாடினியும் அவர்களுள் அடங்குவர். நுழையும் வழியைக் குறிக்கும் சொல்லே இங்குப் பிறர்பொருட்டுப் பேசும் மனிதரையும் குறிக்கிறது. பாணன் பேசுவது தன் சொல்லை அன்று. அவன் வழியாக வேறொருவர் உள்ளே நுழைய முயல்கிறார்.

அவனுடைய கவர்ச்சியைச் சங்கப் புலவர்கள் மறைக்கவில்லை. குறுந்தொகை 33இல் வாயிலாக வந்த பாணனைக் கண்டு தலைவி வியக்கிறாள். இரந்துண்பதால் நிறைவடையாத உடல்; ஆயினும் புதிதாக வந்த ஊரிலேயே இத்தனை மிடுக்கு என்றால், தன் சொந்த ஊரின் மன்றத்தில் இந்த இளைஞன் எப்படி விளங்குவானோ என்கிறாள். பசியும் பெருமிதமும் ஒரே உடலில் தெரியும் இச்சித்திரத்தில் கேலியும் உண்டு, பரிவும் உண்டு. குறுந்தொகை 85 இன்னும் நுட்பமானது. தலைவன் எவரினும் இனியவன், பேரன்பினன் என்று பாடல் தொடங்குகிறது. கருவுற்ற பேடைக்குக் கூடமைக்கக் கரும்புப்பூவைக் கோதும் ஆண்குருவியின் காட்சியும் வருகிறது. பாடலின் இறுதிச் சொல்லில்தான் அவ்வன்பு எங்கே உள்ளது என்பது தெரிகிறது: பாணனின் வாயில் மட்டுமே. தொடரியல் நோக்கில் முழுப் பாராட்டும் ஒற்றை இடக்குறிப்பைச் சார்ந்து நிற்கிறது. அக்குறிப்பு வந்ததும் அத்தனையும் கவிழ்ந்துவிடுகிறது.

ஐங்குறுநூற்றின் 47ஆம் பாடலில் ஓரம்போகியார் இரண்டு செய்திகளை அருகருகே வைக்கிறார். பாண்மகள் ஒருத்தி வட்டியில் கொண்டுவந்த கெடிற்று மீனைக் கொட்டுகிறாள். மனைத்தலைவி அதே வட்டியைப் பயற்றால் நிறைத்துத் தருகிறாள். அளவோடு கொடுத்து அளவோடு பெறும் நேர்மையான பண்டமாற்று அது. அடுத்து வருவது தலைவனை நோக்கிய குற்றச்சாட்டு: உன் பாணனைப் போலவே நீயும் பலவாகப் பொய் சொல்கிறாய், அதை என் ஆயத்தார் அறிவர். பரத்தையை நாடியவன் தலைவன். பொய்யின் பயனை நுகர்பவனும் அவனே. ஆயினும் ஒப்புமையில் அளவுகோலாக நிற்பவன் பாணன். பணியாளன் உவமானமாகிறான், தலைவன் உவமேயமாகிறான். தலைவனுக்குச் சொந்தமான பொய், மொழியின் வழியே பாணனின் குலப்பண்பாக மாறும் கணம் இது.

இம்மாற்றத்தில் உள்ள அநீதியை அதே புலவர் அறிந்திருந்தார் என்பதற்குக் குறுந்தொகை 127 சான்று. கொக்கின் அலகிலிருந்து தப்பி நீருக்குள் மூழ்கிய கெண்டைமீன், அருகிலுள்ள வெண்ணிறத் தாமரை மொட்டைக் கண்டும் அஞ்சுகிறது. உன் பாணன் ஒருவன் பொய்யனானதால், நீ பிரிந்த மகளிர்க்கு எல்லாப் பாணரும் கள்வரைப் போலத் தோன்றுகின்றனர் என்று பாடல் முடிகிறது. மீனின் அச்சம் இயல்பானது. ஆனால் தாமரை மொட்டு கொக்கு அன்று. பாணர் கள்வர் என்று புலவர் கூறவில்லை. காயம்பட்டவருக்கு அவ்வாறு தோன்றுவதை மட்டுமே கூறுகிறார். ஒருவனது செயல் ஒரு குடியின் பெயராக உருமாறுவதை இத்தனை சில அடிகளில் காட்டிய பாடல் வேறொன்றைச் சுட்டுவது கடினம்.

பாணன் ஏன் மறுக்கவில்லை என்ற வினாவிற்கு விடை புறப்பாடல்களிலும் ஆற்றுப்படைகளிலும் உள்ளது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பரிசில் பெறுவதற்கு முந்தைய நிலை விரிவாக வருகிறது. அடுக்களையில் ஈன்ற நாய் கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்ற, அது வலி பொறாமல் குரைக்கிறது. கறையான் அரித்த பழஞ்சுவர், தரையில் காளான். பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். பொற்றாமரைப் பூவும் யானையும் தேரும் இந்த அடுக்களைக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவை. இடையே உள்ள தூரத்தைக் கடக்கத் தலைவனின் மனநிறைவு ஒன்றே வழி. அவன் சொல்லச் சொன்னதை மறுக்கும் சுதந்திரம் உப்பில்லாக் கீரை உண்டவனுக்கு எளிதில் வாய்ப்பதன்று.

ஆயினும் அதே இசைத்தொழில் எதிர்த்திசையிலும் செயல்பட்டது. புறநானூற்றின் 143 முதல் 147 வரையிலான ஐந்து பாடல்கள் வையாவிக் கோப்பெரும் பேகனை நோக்கியவை. மயிலுக்குப் போர்வை அளித்ததாகப் புகழ்பெற்ற இவ்வள்ளல், மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காகப் பேசுகின்றனர். பரணர் பரிசிலரின் குரலையே கையாள்கிறார்: பசித்து வரவில்லை, சுமக்கச் சுற்றமும் இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைக் களைவதே வேண்டும் பரிசில். அரிசில் கிழார் அணிகலனும் செல்வமும் வேண்டாம் என்கிறார். அகப்பாடலின் வாயில் தலைவனின் பொய்யை மனைவியிடம் கொண்டு செல்கிறான்; இங்கே மனைவியின் கண்ணீர் தலைவனிடம் கொண்டு செல்லப்படுகிறது. பரிசிலை மறுக்கக்கூடியவரால் மட்டுமே இத்திசையில் பேச முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது. முல்லைத்திணையிலும் பாணனின் நிறம் மாறுகிறது: ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய பாணன் பத்தில் அவன் பிரிந்த கணவனுக்கும் காத்திருக்கும் மனைவிக்கும் இடையே நம்பிக்கைக்குரிய தூதன்.

ஆகவே பொய்மை பாணனின் இயல்பு அன்று. மருதத்தின் சூழல் அவனுக்கு வழங்கிய பாத்திரம். க. கைலாசபதி 1968இல் வெளியான தம் ஆங்கில நூலில் சங்கப் பாடல்களை வாய்மொழி வீரநிலைக் கவிதைகளாக வாசித்துப் பாணர் மரபை மையத்தில் நிறுத்தினார். எனினும் நமக்குக் கிடைத்துள்ள தொகைகளில் பெயருடன் நிற்போர் புலவர்களே. பாணன் அவர்கள் படைத்த பாத்திரமாகவே பேசுகிறான், பேசப்படுகிறான். அவன்மீதான குற்றச்சாட்டுக்கு அவன் தரப்பு மறுமொழி தொகைகளில் இடம்பெறவில்லை.

துடியன், பறையன், கடம்பன் ஆகியோருடன் பாணனையும் சேர்த்து, இந்நான்கன்றி வேறு குடியில்லை என்று புறநானூறு 335இல் மாங்குடி கிழார் பெருமையுடன் கூறினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதும்போது நிலைமை வேறு. பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரையில் கோயில் வாயிலில் நின்றே யாழ் இசைக்கிறார். இறையருளால்தான் உள்ளே அழைக்கப்பட்டுப் பொற்பலகை பெறுகிறார். திருவாரூரிலும் வாயிலில் நின்று பாடுகிறார். வடதிசையில் அவருக்கென வேறொரு வாயில் வகுக்கப்பட்ட பின்னரே உட்செல்கிறார். தலைவர்களுக்கு வாயிலாக இருந்த குடியினருக்குப் பொதுவாயில் திறந்திருக்கவில்லை.

இவ்விரு காலங்களுக்கும் இடையே நிகழ்ந்த சரிவிற்கு நிலவுடைமை, சமயம், சாதியமைப்பு எனப் பல காரணங்கள் உண்டு; ஊடல் பாடல்கள் அதற்குப் பொறுப்பாகா. ஆனால் அப்பாடல்களை மேற்கோள் காட்டிப் பாணரைப் 'பொய்யர்', 'பரத்தமைக்குத் துணைபோனவர்' என ஒரு குடியின் இயல்பாக இன்றும் எழுதுவது, தாமரை மொட்டைக் கொக்கென்று கொள்வதாகும். ஓரம்போகியார் அந்தப் பிழையை அன்றே பிழையாகத்தான் காட்டினார்.